தந்தி முதல் கைத்தொலைபேசி வரை: தோட்டத் தொழிலாளிக்கும் வைத்தியருக்கும் இடையிலான தூரம்

தொலைமருத்துவம் என்னும் சொல் 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக் காலத்திலேயே நம்மில் பலருக்கு அறிமுகமானது. நோயாளி வீட்டிலும் வைத்தியர் வேறோர் ஊரிலும் இருக்க, இருவரும் கைத்தொலைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் முறை அது. நகரவாசிக்கு அது ஒரு வசதி. ஆனால் அதனை விரிவுபடுத்த வேண்டும் என்று வாதிடுவோர் முன்வைக்கும் நியாயம் வேறு. வைத்தியர் எட்டாத இடங்களில் மண்ணோடு உழைக்கும் மக்களுக்கு, நமது நாட்டில் குறிப்பாகப் பெருந்தோட்டத் தொழிலாளருக்கு, இது பெரும் வரப்பிரசாதமாக அமையும் என்கிறார்கள்.

இந்த நியாயத்தை நான் மறுக்க வரவில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, பின்னர் பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் மலையகச் செய்திகளையும் எழுதி வந்தவன் என்ற முறையில், அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்குள் எழுவதுண்டு. தோட்டத் தொழிலாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் இருந்த தூரம் வெறும் மைல்களால் ஆனதுதானா? மைல்களால் ஆனது என்றால் மின்னலைகள் அதனைக் கடந்துவிடும். வேறெதனாலும் ஆனது என்றால் என்ன செய்வது?

முதலில், தூரத்திலிருந்து வைத்தியம் பார்க்கும் எண்ணம் புதியதல்ல என்பதை நினைவுகொள்ள வேண்டும். இதயமின்வரைவுக் கருவியை உருவாக்கிய டச்சு அறிஞர் வில்லெம் ஐந்தோவன், 1905ஆம் ஆண்டிலேயே லைடன் நகர வைத்தியசாலையில் கிடந்த நோயாளிகளின் இதயத்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த தமது ஆய்வுகூடத்தில் பதிவு செய்தார். அது ஆய்வுகூடத்துச் சாதனை. பண்ணைத் தொழிலாளி ஒருவனின் உயிரைக் காப்பதற்காகக் கம்பி பயன்பட்ட கதை, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது.

1917ஆம் ஆண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பிரதேசத்தில் ஜிம்மி டார்சி என்னும் மாட்டுப்பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து படுகாயமடைந்தான். தோழர்கள் அவனை வண்டியில் ஏற்றிப் பல மணி நேரம் பயணம் செய்து ஹோல்ஸ் கிறீக் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சேர்த்தனர். அங்கே வைத்தியர் எவருமில்லை. இருந்தவர் தபாலதிபர் டக்கெற். எப்போதோ முதலுதவி பயின்றவர் என்பதே அவருடைய தகுதி. அயலூர் வைத்தியர்களுடன் தொடர்பு கிட்டாத நிலையில், தமக்கு முதலுதவி கற்பித்த வைத்தியர் ஹொலண்ட் இருந்த பேர்த் நகருக்கு அவர் தந்தி அடித்தார். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கேள்விகள் வந்தன, பதில்கள் சென்றன. சிறுநீர்ப்பை கிழிந்துள்ளது, உடனே அறுவைச்சிகிச்சை செய்யவேண்டும் என்று தந்தி கூறியது. மயக்க மருந்தில்லை, அறுவைக் கருவிகள் இல்லை. கம்பியில் வந்த கட்டளைகளைப் படித்துப் படித்துப் பேனாக்கத்தியால் தபாலதிபரே அதனைச் செய்து முடித்தார்.

வைத்தியர் ஹொலண்ட் கால்நடைக் கப்பலிலும் மோட்டார் வண்டியிலுமாகப் பத்து நாட்களுக்கு மேல் பயணம் செய்து ஹோல்ஸ் கிறீக்கை அடைந்தபோது, டார்சி முதல்நாள் இறந்துவிட்டிருந்தான். அறுவைச்சிகிச்சை தோற்கவில்லை. அவனைக் கொன்றவை ஏற்கெனவே உடலில் இருந்த மலேரியாவும் ஒரு சீழ்க்கட்டியுமே.

இந்தச் சம்பவம் அவுஸ்திரேலியரை உலுக்கியது. அதன் பாடத்தை ஆழமாகக் கற்றவர் ஜோன் ஃப்ளின் என்னும் பிரெஸ்பிற்றேரியன் மதகுரு. குவீன்ஸ்லாந்தின் குளோன்கறி நகரில் 1928ஆம் ஆண்டு அவர் தொடங்கிய விமான மருத்துவ சேவையே பிற்காலத்தில் புகழ்பெற்ற பறக்கும் வைத்தியர் சேவையாக வளர்ந்தது. மின்சாரமில்லாத பண்ணைகளிலிருந்து வைத்தியரை அழைப்பதற்காக, சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை அல்பிரட் ட்ரேகர் 1929இல் உருவாக்கிக் கொடுத்தார். 1942இலிருந்து பண்ணைகள் தோறும் மருந்துப்பெட்டி வைக்கப்பட்டது. அதிலிருந்த ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். வானொலியில் வைத்தியர் இலக்கத்தைச் சொல்வார்; பண்ணையில் இருப்பவர் அந்தப் போத்தலை எடுத்துக் கொடுப்பார். எழுத்தறிவு குறைந்தவரும் பெயர் உச்சரிக்கத் தெரியாதவரும் தவறிழைக்க இடமில்லை.

வானொலி, விமானம், மருந்துப்பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தே அங்கே வெற்றி பெற்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். நோயாளி தன் குரலிலோ தன் வீட்டாரின் குரலிலோ நேரே வைத்தியருடன் பேசினான். வைத்தியர் சொன்ன மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேச்சாலும் மருந்தாலும் முடியாதபோது விமானம் வந்தது. டார்சியின் காலத்தில் இருந்தது கம்பி மாத்திரமே.

இனி நமது மலைகளுக்கு வருவோம். அவுஸ்திரேலியப் பாலைவெளியோடு ஒப்பிட்டால் நமது தோட்டங்கள் தொடர்பற்ற இடங்களாக இருந்ததே இல்லை. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்துவிட்டது. கோப்பியும் தேயிலையும் துறைமுகத்துக்குப் போகவேண்டும் அல்லவா? விலை நிலவரம் இலண்டனிலிருந்து வரவேண்டும் அல்லவா? ஆகவே தோட்ட நகரங்களுக்குத் தந்தியும் வந்தது. தோட்டத்திலிருந்து நாள்தோறும் தபால் சுமந்து நகருக்கு நடந்த ஒரு தொழிலாளியும் இருந்தான். கம்பி இல்லாமை இங்கே ஒருபோதும் முதற் பிரச்சினையாக இருக்கவில்லை.

தென்னிந்தியாவிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்து வந்த அந்த முதல் தலைமுறையினரில் எத்தனை பேர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியாகி வழியோரத்திலேயே புதைந்தனர் என்பதற்குச் சரியான கணக்கு எதுவும் எஞ்சவில்லை. 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றவர்கள் நினைவுகூர்ந்தது அவர்களைத்தான். தோட்டங்களில் நிகழ்ந்த மரணங்கள் பற்றிய கண்டனங்கள் பெருகியதன் பின்னரே 1872இல் முதலாவது மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மாவட்ட வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். பல திருத்தங்களின் பின் 1912இல் அது மருத்துவத் தேவைகள் சட்டம், தொழிலாளர் நோய்கள் சட்டம் என இரண்டாக நிலைபெற்றது.

அச்சட்டங்களில் நல்ல ஏற்பாடுகள் இருந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல் துரையின் கடமை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் துரையின் கடமை. அந்த மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கக் கூடாது. தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்று அறிந்துகொள்ளுதலும், தாம் தக்கது என்று கருதும் நிவாரணத்தைச் செய்தலும், நோய் கடுமையானால் வைத்திய அதிகாரியை அழைத்தலும் அவருடைய கடமைகளே.

வாசகர்கள் இந்த இறுதி ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நோய் கடுமையானதா அல்லவா என்று தீர்மானிப்பவர் யார்? நோயாளி அல்லர்; வைத்தியரும் அல்லர். தோட்டத்தின் கொழுந்துக் கணக்குக்குப் பொறுப்பான துரை. நோயாளி முதலில் காலைப் பெரட்டில் கங்காணியிடம் சொல்லவேண்டும். கங்காணி நம்பினால் கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார். கணக்கப்பிள்ளை துரைக்குச் சொல்வார். துரை மனம் வைத்தால் வைத்திய அதிகாரிக்குச் சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். வயிற்றுவலியால் துடித்த பெண் சொன்ன சொல், வைத்தியரின் மேசையை அடையும்போது மூன்று பேரையும் இரண்டு மொழிகளையும் கடந்திருக்கும். இந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் அவளை வேலைக்கு அனுப்புவதில் ஒரு நன்மை இருந்தது என்பதையும் மறக்கலாகாது. கங்காணிக்கு ஆள் கணக்குப்படி தலைக்காசு. துரைக்கு இறாத்தல் கணக்கு.

துரைமார் தமிழ் கற்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். கற்றார்கள். அதற்கென்றே கைநூல்கள் அச்சாகின. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதுதான்; சின்னத்துரைகளின் சட்டைப்பைக்கென்று தயாரிக்கப்பட்ட தமிழ் வழிகாட்டி அது. கட்டளையிடுவதற்காகக் கற்ற மொழியில் ஒருவரின் நோவைக் கேட்டறிவது எளிதன்று.

1916இல் வேறொரு முயற்சி தொடங்கியது. அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை ஆரம்பித்தது. தொழிலாளரின் இரத்தத்தைக் குடித்து அவர்களைச் சோகை பிடித்தவர்களாக்கிய புழு அது. மருந்து தோட்டத்துக்கே வந்தது, ஆயிரக்கணக்கானோர் அதனை விழுங்கினர், புழுக்கள் வெளியேறின. ஆனால் லயங்களுக்கு மலகூடங்கள் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமார் தயங்கினர். வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களின் உடலுக்குள் புழுக்கள் மீண்டும் ஏறின. வைத்தியத்தை அருகில் கொண்டுவந்து, வாழ்க்கையை இருந்தபடியே விட்டுவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சுதந்திரம் வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடு முழுவதற்கும் இலவச வைத்தியம் விரிந்த காலத்தில், தோட்ட மக்களின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின; 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அரசாங்க வைத்தியசாலைகளில் தகுதி பெற்ற வைத்தியர்கள் இருக்க, தோட்ட மருந்தகங்களைப் பெரும்பாலும் உதவி வைத்தியர்களே நடத்தினர். 1990களில் தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி தொடங்கியது. சில ஏற்கப்பட்டன, பல ஏற்கப்படவில்லை. அரசைக் கேட்டால் கம்பனி என்றும், கம்பனியைக் கேட்டால் அரசு என்றும் சொல்லக்கூடிய நிலை பல தசாப்தங்கள் நீடித்தது.

விளைவை எண்கள் சொல்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் தோட்டப்புற மக்கள் 4.4 வீதம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டப்புறங்களில் 31.7 வீதம்.

மொழிக்குத் திரும்புகிறேன். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின், செய்தி சேகரிக்கச் சென்ற மலையக நகரொன்றின் வெளிநோயாளர் பிரிவில் நான் கண்டது இது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சொன்னார்: "மலை ஏறினா நெஞ்சு அடைக்குதுங்கய்யா. கூடைய இறக்கி வச்சிட்டு உக்காந்தா சரியாப் போயிருது." வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அருகில் நின்ற சிற்றூழியர் அதனைச் சிங்களத்தில் இரண்டே சொற்களாக்கினார்: நெஞ்சு வலி. மலை ஏறும்போது வருவதும் உட்கார்ந்தால் போவதும் விடுபட்டுப் போயின. இருதய நோயை இனங்காண எந்த வைத்தியருக்கும் தேவைப்படுவது அந்த விடுபட்ட பகுதிதான். அந்த மேசையில் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே இரண்டு அடி தூரம்கூட இல்லை.

ஆகவேதான் தூரம் மைல்களால் மட்டும் ஆனதல்ல என்கிறேன். நோயாளியின் சொல் எத்தனை கைகள் மாறி வைத்தியரை அடைகிறது என்பதே தோட்டத்தின் தூரம்.

தொலைமருத்துவத்தின் உண்மையான பெறுமதியும் இங்கேதான் இருக்கிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள ஒரு லயத்திலிருந்து, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒரு தமிழ் வைத்தியரிடம் ஒரு பெண் தன் வாயால் தன் நோவைச் சொல்ல முடியும் என்றால், 1872இலிருந்து இடையில் நின்ற அத்தனை கைகளும் விலகிவிடும். இதுவே இந்த வசதியின் பெரும் சாத்தியம். 2021இல் கொரோனா நோயாளரை வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்காகச் சுகாதார அமைச்சு 1390 என்ற இலக்கத்தில் தொலைபேசிச் சேவை நடத்தியது. தொலைபேசி வழியாக வைத்தியம் பார்க்க நமது அரசாலும் முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதலாவது, நோயாளியின் அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கவேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004இலிருந்து கிராமங்களில் நடத்திவரும் பார்வை மையங்களை இதற்கு எடுத்துக்காட்டலாம். அங்கே கிராமத்தவர் ஒரு வெறுந்திரையின் முன் அமர்த்தப்படுவதில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் கண்ணைக் கருவியால் பரிசோதிக்கிறார். அதன் பின்னரே மருத்துவமனையிலுள்ள வைத்தியர் நோயாளியோடு காணொளியில் பேசுகிறார். நமது தோட்டங்களில் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் யுவதிகள் எத்தனை பேர்! அவர்களைப் பயிற்றுவித்துத் தோட்ட மருந்தகத்தில் அமர்த்துவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, மருந்து. குளவி கொட்டி ஒருவர் மூச்சுத் திணறும்போது திரையில் தோன்றும் வைத்தியரால் ஊசி போட முடியாது. தேவையான ஊசிமருந்து தோட்டத்திலேயே இருக்கவேண்டும். போடத் தெரிந்தவரும் இருக்கவேண்டும். நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்லும் நிலையும் மாறவேண்டும். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கி நாடெங்கும் விரிந்த 1990 அம்புலன்ஸ் சேவை லயத்து வாசல்வரை வருவதற்குத் தோட்டப் பாதைகள் இடந்தரவேண்டும்.

மூன்றாவது, நேரம். கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்தபோதும் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. வீட்டிலிருந்து வைத்தியரோடு பேசும் வசதி, வீட்டில் இருக்க முடிந்தவருக்கே பயன்படும். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா; அதற்குமேல் வரவுக்கென 60 ரூபா, உற்பத்தித்திறனுக்கென 140 ரூபா எனக் கொடுப்பனவுகள் பிரிந்திருந்தன. நோயுற்ற நாளில் மலைக்குப் போகாதவர் இழந்தது அன்றைய பேரை மாத்திரமன்று. அந்த ஒப்பந்தம் கழிந்துவிட்டது. நாட்சம்பளத்தின் நியாயம் கழியவில்லை. வைத்தியரோடு பேசும் அரைமணி நேரம் வேலைநேரமாகக் கணக்கிடப்படாவிட்டால், கொழுந்து பறிக்கும் பெண் தன் நெஞ்சடைப்பை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பாள்.

நான்காவது, அந்தரங்கம். ஒரு குடும்பம் ஒரே காம்பராவில் வாழும் லயத்தில், ஒரு பெண் தன் மாதவிடாய்ச் சிக்கலையோ மார்பிலுள்ள கட்டியையோ உரக்கச் சொல்லிப் பேச இயலுமா? தோட்டக் காரியாலயத்தில் கருவியை வைத்து, உத்தியோகத்தர் முன்னிலையில் பேசச் சொன்னால், பழைய பெரட்டே வேறு வடிவில் திரும்பி வந்துவிடும். கருவியும் அதில் பதியப்படும் நோய்க்குறிப்புகளும் சுகாதாரத் துறையின் கையில் இருக்கவேண்டுமேயன்றி, வேலை கொடுப்பவரின் கையில் அல்ல.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஒன்றுமில்லாததற்கு இதாவது வரட்டுமே என்று என்னிடம் வாதிடும் நண்பர்கள் உண்டு. இலுப்பைப்பூவை நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. அதைக் காட்டி, ஆலை கட்டவேண்டிய கடமையிலிருந்து எவரும் தப்பிவிடக்கூடாது என்பதே என் அச்சம். திரை ஒன்று மாட்டியாயிற்று, இனி வைத்தியர் எதற்கு என்று ஒரு அதிகாரி கோப்பில் எழுதும் நாள் வராதிருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சரித்தபோது, பாதைகள் அறுந்த பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அத்தகைய நாளில் ஒரு லயத்துக்கு மிஞ்சுவது, அங்கேயே வாழும் பயிற்சி பெற்ற ஒருவரும் அவர் கையிலுள்ள மருந்துப்பெட்டியுமே.

தொழில்நுட்பம் எப்போதும் தோட்டத்தைத் தேடி வந்திருக்கிறது. புகைவண்டி வந்தது, தந்தி வந்தது, தொலைபேசி வந்தது. ஒவ்வொன்றும் முதலில் தேயிலைக்காகவே வந்தது. தொழிலாளிக்கு எஞ்சியதுதான் கிடைத்தது. இம்முறை தொழிலாளியின் நோய்க்கென்றே ஒன்று வரும் என்கிறார்கள். வரட்டும். அந்தக் கைத்தொலைபேசியைத் தமிழில் பேசும் வைத்தியர் எடுக்கிறாரா, அதனைப் பேசுவதற்காகக் கூடையை இறக்கி வைத்த பெண்ணுக்கு அன்றைய பேர் விழுகிறதா என்ற இரண்டை மட்டும் விசாரித்துக்கொண்டிருப்போம். அவை இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைக்கும் வரை, 1872இல் தொடங்கிய அந்தத் தூரம் குறையவில்லை என்றே பத்திரிகையாளர் எழுதவேண்டும்.